வாசகர் வராவிட்டால் ஓடாத கடிகாரம்

வேர்ட்பிரஸ் தளமொன்றில் கட்டுரையை ஏற்றி, மறுநாள் காலை 6 மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்துவிட்டு உறங்கச் செல்பவர், உள்ளே ஒரு கடிகாரம் விழித்திருப்பதாக நம்புகிறார். அப்படியொரு கடிகாரம் அங்கில்லை. யாரேனும் ஒருவர் தளத்தின் பக்கத்தைத் திறக்கும்போதுதான், நேரம் வந்துவிட்ட பணி ஏதும் உண்டா என்று மென்பொருள் தன் பட்டியலைப் புரட்டுகிறது. ஒருவரும் வராவிட்டால் பட்டியலும் புரட்டப்படுவதில்லை.

இதை அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. மலிவான வாடகை வழங்கிகளில் கணினியின் சொந்தக் கடிகாரத்தைத் தொடும் உரிமை பலருக்குக் கிடைப்பதில்லை. எங்கும் இயங்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் இது. ஆனால் சமரசத்தின் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை. கூட்டம் குவியும் செய்தித்தளத்தில் இக்குறை தெரிவதேயில்லை. நாளுக்குப் பத்துப்பேர் எட்டிப்பார்க்கும் கல்லூரித் துறையின் பக்கத்தில், உதவித்தொகை அறிவிப்பும் அதற்கான மின்னஞ்சலும் தாமதமாகின்றன. தளத்திற்கு வராமல் மின்னஞ்சலையே நம்பியிருக்கும் மாணவருக்குத்தான் அந்த இழப்பு.

மாற்றுவழி எளிது. வேர்ட்பிரஸின் இவ்வழக்கத்தை நிறுத்திவிட்டு, யூனிக்ஸ் உலகின் பழைய கிரான் நிரலைக் கொண்டு, டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் கட்டளைவரிக் கருவியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுப்பினால் போதும். நேரம் வந்த பணிகளை அது முடித்துவைக்கும்.

கடினம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. தானாக இயங்கும் நிரல் என்றேனும் இடையில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஓடும். அப்போது ஒரே மடல் இருமுறை போகக்கூடாது. அனுப்பியதை உடனுக்குடன் குறித்துவைக்கும் ஒழுக்கம் அதற்கு வேண்டும். தளத்தின் முகவரி மாறும்போது தரவுத்தளத்தில் சொல்லை நேரடியாக மாற்றினால், பல அமைப்புகள் பழுதாகும். ஏனெனில் சில இடங்களில் சொல்லோடு அதன் நீளமும் பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஓரெழுத்தே 3 பைட். டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை இந்நீளத்தையும் திருத்துகிறது. எதையும் தொடாமல் ஒத்திகை பார்க்கவும் இடமளிக்கிறது.

ஒத்திகையும் குறிப்பேடும் இருந்தும், பிழை நேர்ந்தால் யாருக்குச் சொல்வது என்பதை நிரல் தானே அறியாது. அந்த முகவரியை ஒரு மனிதர்தான் எழுதவேண்டும். வரும் மடலை ஒரு மனிதர்தான் படிக்கவேண்டும்.