அப்பத்தாவின் நான்காம் நாள்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று கிழக்கே பார்த்தால், எதிர்க்கரையில் இருக்கும் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி போகிற தூரம்கூட இல்லை. ஆனால் இன்றைக்கு ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் தலைமன்னார் போக வேண்டுமென்றால், மதுரைக்கு வந்து, விமானம் ஏறி, கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து வேன் பிடித்து வடக்கே மன்னாருக்கு ஏற வேண்டும். கூட்டிப் பார்த்தால் 800 கிலோமீட்டர் வருகிறது.

இந்த 800 கிலோமீட்டரை எங்கள் வீட்டில் ஒன்பது பேர் சுற்றப் போகிறோம். அதைத் திட்டமிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாலு மாதமாக அதே வேலை. உங்கள் வீட்டிலும் வயதானவர்களை அழைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கோயில்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால், எங்கள் கதை கொஞ்சம் உதவும்.

ஆரம்பித்து வைத்தது சித்தப்பா. ரிட்டயர்மென்ட் பணம் வந்த கையோடு, "எல்லாரும் ஒண்ணா ஒரு டூர் போவோம், பழைய கோயிலா பார்ப்போம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் விசாரித்து மூன்று நாட்டு பேக்கேஜ் ஒன்றையும் அனுப்பினார். இலங்கை, தாய்லாந்து, கம்போடியா. 12 நாள். கம்போடியாவின் அங்கோர்வாட் அவருக்கு வாழ்நாள் ஆசை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். தாய்லாந்தின் அயுத்தயாவுக்கு நம் அயோத்தி பெயர்தான் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த லிஸ்டை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். 81 வயது. தங்கச்சிமடத்தில் எங்களோடு இருக்கிறார். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதுல தலைமன்னார் எங்க ஆத்தா?"

இல்லை. எந்த பேக்கேஜிலும் இல்லை.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே டிக்கெட்டில் போகலாம். அதுதான் 'போட் மெயில்'. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களை முதலில் மண்டபத்தில் முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். 'மண்டபம் கேம்ப்' என்ற ரயில் நிலையப் பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றுபோனது.

அப்பத்தாவின் அப்பா தலைமன்னார் துறையில் மூட்டை தூக்கியவர். அப்பத்தாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார். ஆறு வருஷம் அங்கே. பிறகு அம்மாவும் பிள்ளைகளும் இங்கே திரும்ப, அவர் மட்டும் அங்கேயே தங்கி வேலை பார்த்தார். ஒருநாள் காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி கைக்கு வந்தது மூன்றாம் நாள். பெர்மிட், பணம் என்று அலைவதற்குள் அங்கே அடக்கமே முடிந்துவிட்டது. இங்கே அக்னி தீர்த்தத்தில் எல்லாரும் தலை முழுகினார்கள்.

காசியிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜனங்கள் பித்ரு காரியம் செய்ய ராமேஸ்வரத்துக்கு வருகிறார்கள். அந்தக் கரையிலேயே வாழ்நாள் முழுக்க இருந்த அப்பத்தா சொல்கிறார்: "இங்க எத்தன அமாவாசைக்கு முழுகினாலும் எனக்கு ஆறல. அவரு கெடக்குறது அந்தக் கரை. அங்க ஒரு தடவ முழுகணும்."

அப்பா சம்மதிக்கவில்லை

எங்கள் அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "பிரஷர் மாத்திரை, முட்டு வலி. பாத்ரூம் போகவே ஆள் பிடிக்கணும். ஊரு பேரு தெரியாத இடத்துல ஏதாவது ஒண்ணுன்னா யாரு பாக்குறது?" என்றார். அந்தக் கேள்வியில் தப்பில்லை. அதை ஒதுக்கிவிட்டுத் திட்டம் போடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். விமானத்தில் போகலாம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரவைக்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும் என்றார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு டிராவல்ஸ்காரர் அனுப்பிய இலங்கைப் பகுதியைப் பார்த்தேன். ஆறு நாளில் 14 இடம். முன்னேஸ்வரம், திருகோணமலை, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, சீதா எலிய, கொழும்பு. பாதி நாள் வேனிலேயே போகும். சிகிரியாவில் மட்டும் சுமார் 1,200 படி.

"தலைமன்னாரைச் சேர்க்க முடியுமா?" என்று கேட்டேன்.

"அங்க பார்க்க ஒண்ணும் இல்லைங்க மேடம். ஒரு பழைய ஜெட்டி, ஒரு லைட் ஹவுஸ். கஸ்டமர் யாரும் கேட்டதில்ல."

"நாங்க கேக்குறோம்ல?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரூட்டையே மாத்தணும்" என்றார். மாற்றினோம்.

மாற்றிய திட்டம்

முதலில் மூன்று நாடுகளைப் பிரித்தோம். இலங்கைக்கு எல்லோரும். அது முடிந்து ஊர் திரும்பியபின், நடக்கத் தெம்புள்ள நாலு பேர் மட்டும் சித்தப்பாவோடு அங்கோருக்கு. அங்கே மேல் அடுக்குக்கு ஏறும் படி செங்குத்து. முட்டு வலிக்காரர்களுக்கு ஆகாது. நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. நிதானமாகப் பார்க்க மூன்று நாள் சீட்டே லாபம் என்று சித்தப்பா கணக்குப் போட்டுவிட்டார். தாய்லாந்தை அவரே விட்டுக்கொடுத்தார்.

அடுத்தது மாதம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நம் ஊரைப் போலவே ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. கொழும்புப் பக்கத்து வெயிலை நம்பி டிசம்பரில் மன்னாருக்குப் போனால் நனைய வேண்டியதுதான். பிப்ரவரி கடைசி என்று முடிவானது. இன்னொன்று: இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' விடுமுறை. அன்று அநுராதபுரத்தில் கூட்டம் அலைமோதும். அதையும் காலண்டரில் பார்த்துத் தள்ளினோம்.

முதல் நாள் மதுரையிலிருந்து விமானம்; போகும் வழியில் சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம்.

இரண்டாம் நாள் அநுராதபுரம். சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்ததாகச் சொல்லப்படும் போதி மரம் அங்கே இருக்கிறது. தோளும் முட்டியும் மறையும்படி வெளிர் நிற உடை, வாசலிலேயே செருப்பைக் கழற்றுவது, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காமல் இருப்பது: இந்த மூன்றையும் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கே சித்தப்பா குழு மட்டும் பொலன்னறுவைக்குத் தனி வண்டியில் போய், சோழர் காலத்துக் கல்கோயிலான வானவன்மாதேவி ஈஸ்வரத்தைப் பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடும்.

மூன்றாம் நாள் மன்னார், திருக்கேதீஸ்வரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்ச்சுக்கீசியர் இடித்து, பிறகு மீண்டும் எழும்பிய கோயில். அண்மையில் இந்திய அரசின் உதவியோடு கருங்கல் திருப்பணி நடந்து 2022 ஜூலையில் குடமுழுக்கு ஆனது. கோயிலை ஒட்டிய பாலாவித் தீர்த்தத்தில்தான் அப்பத்தா முழுகப்போகிறார். சிவராத்திரியன்று போகலாமே என்று சித்தி சொன்னார். அந்த நெரிசலில் 81 வயதுக்காரர் படி இறங்க முடியாது என்பதால் வேண்டாம் என்றோம்.

நான்காம் நாள் தலைமன்னார். அன்று வேறு எதுவும் இல்லை.

ஐந்தும் ஆறும் யாழ்ப்பாணம்: நல்லூர், கீரிமலை நகுலேஸ்வரம். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஏழாம் நாள் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த கப்பலுக்குப் பெயர் 'சிவகங்கை'. பெயரைக் கேட்டதும் அப்பத்தா, "நம்ம சீமைக் கப்பலா!" என்றார். நாகையிலிருந்து முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டி வழியாக வீடு. மழைக்காலத்தில் இந்தக் கப்பலை நிறுத்திவிடுகிறார்கள். காற்று பலமாக இருந்தாலும் ஓடாது. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி, சென்னைக்குப் போகும் விமான நேரங்களையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே வழியை நம்பி வயதானவர்களை அழைத்துப் போகக்கூடாது.

பாஸ்போர்ட் என்னும் மலை

அப்பத்தாவுக்கு முதல் பாஸ்போர்ட். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, வாக்காளர் அட்டையில் இன்னொன்று. முதலில் அதைச் சரிசெய்ய ஒரு மாதம். சேவை மையத்தில் விரல் ரேகை பதியவில்லை. கருவாடு காயப்போட்டுத் தேய்ந்த விரல். நாலு தடவை துடைத்து, எண்ணெய் தடவி, ஐந்தாவதில் பதிந்தது. போட்டோ எடுக்கும் பெண், "பாட்டி, சிரிக்கக்கூடாது" என்றாள். "அம்புட்டு தூரம் போறேன், சிரிக்காம?" என்றார் அப்பத்தா. விசாரணைக்கு வந்த ஏட்டய்யா, "எதுக்கும்மா இந்த வயசுல வெளிநாடு?" என்று கேட்டதற்கு, "எங்க அய்யாவைப் பார்க்க" என்று சொல்லிவிட்டார். அவரிடம் நான் முழுக்கதையையும் விளக்க வேண்டியதாயிற்று.

யாராவது வீட்டில் பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால், டிக்கெட்டுக்கு முன்னால் இந்தப் பேப்பர் வேலையை முடியுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்திலேயே பாருங்கள்.

டிராவல்ஸில் கேட்க வேண்டியவை

இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

• ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டியில்? இடங்களின் எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

• தமிழ் பேசும், இலங்கை சுற்றுலா அதிகாரசபையின் உரிமம் உள்ள வழிகாட்டி வருவாரா?

• நுழைவுக் கட்டணம் சேர்த்தா, தனியா? சிகிரியா போன்ற இடங்களில் சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

• தரைத்தளத்தில் அல்லது லிஃப்ட் உள்ள இடத்தில் ரூம், வெஸ்டர்ன் டாய்லெட்.

• பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் செல்லுமா?

• ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் 81 வயதுக்கு டிக்கெட் போடும்போது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். மன்னார், யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிகளின் போன் நம்பர்கள்வரை அதில் இருந்தது. இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "நாலாம் நாளுக்கு ஒண்ணுமே எழுதலையே, அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"அப்பத்தா எங்க நிக்கச் சொல்லுதோ அங்க நிப்போம்."

"அந்தக் கூலி லயம் எங்க இருந்துச்சுன்னு அம்மாவுக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. துறையிலிருந்து எத்தனை வீடு, கிணறு எந்தப் பக்கம் என்று அப்பத்தா சொன்னதை வைத்து நான் வரைந்த படம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். "எட்டு டிக்கெட்தானே போட்டிருக்க? என்னையும் சேர்த்துக்க" என்றார். அப்படித்தான் ஒன்பது பேர் ஆனோம்.

போன வாரம் இருக்கை போட்டோம். மதுரையிலிருந்து கொழும்பு போகும்போது ராமேஸ்வரமும் பாலமும் இடது பக்கம் இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் தெரியலாம் என்று அப்பத்தாவுக்கு இடது ஜன்னல் சீட் எடுத்திருக்கிறேன். பக்கத்து சீட்டை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார்.