வேலியோரத்து இளவேனில்

வடமராட்சிக் கிழக்கின் மணற்பாங்கான ஊர்களில் இளவேனில் ஆரவாரமின்றியே வருகின்றது. ஆங்கிலக் கவிஞர் பாடிய வசந்தத்துக்குப் பனி உருகவேண்டும். இங்கோ உருகுவதற்கு எதுவுமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையால் நிலம் பூப்பது ஒரு பருவம்; பங்குனி, சித்திரை வெயிலில் மரங்கள் பூப்பது மற்றொன்று. தும்பை காய்ந்து சருகாகும் வேளையிலேதான் வேம்பு பூக்கின்றது. பெண்கள் மரத்தின்கீழ்ப் பழஞ்சேலையை விரித்து, உதிரும் பூவைச் சேர்த்து வடகம் போடுகின்றார்கள். கொன்றை மஞ்சளாய்த் தொங்குகின்றது. ஆவரைக்கு மட்டும் பருவக் கணக்கு அதிகம் இல்லைப் போலும். எப்போதும் எங்கோ ஒரு கிளையில் பூ வைத்திருக்கின்றது.

வல்லிபுரத்துக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர் இப்பருவத்தில் நாள்தோறும் விடியற்காலையில் உலவப் புறப்படுவார். கமம் செய்தவர். இரு கண்களிலும் வெண்படலம் படர்ந்துவிட்டமையால் இப்பொழுது செவியே அவருக்கு வழிகாட்டுகின்றது. வேலியோரத்தில் புலுனிக் கூட்டம் திடீரெனக் கலகலத்தால், அருகில் பாம்போ கீரியோ இருக்கின்றது என்று நின்றுவிடுவார். செண்பகத்தின் ஆழ்ந்த குரல் எந்தப் பற்றையிலிருந்து எழுகின்றது என்பதைக் கைத்தடியால் சுட்டிக் காட்டுவார். அத்தடி தவறியதாகச் சொல்வார் இல்லை.

சென்ற புத்தாண்டு விடுமுறையில் அவருடன் நடந்தவன் அவருடைய பேரன். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பவன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே வரும் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்க வல்லவன். ஆயினும் அவற்றுள் எத்தனையை அவன் கண்டால் அறிவான் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். இக்குறை அவனுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் கற்கும் பலருக்கும் பூ என்பது ஓர் அடிக்குறிப்பே.

முதல் நாள் மாலையில் அவன்தான் கேட்டான்:

"அப்பு, ஆறுமணிக்குருவி ஏன் இண்டைக்குக் கத்தேல்லை?"

"அது போட்டுது தம்பி. வெயில் ஏற முந்தி இந்தியாவுக்குப் போற சாதி. ஐப்பசியிலை திரும்பி வரும்."

மறுநாள் இருவரும் மணற்காட்டுப் பக்கமாக நடந்தனர். மணற்கும்பிகள் மீது இராவணன் மீசை முட்பந்துகளாய்ச் சிதறிக் கிடந்தது. அதற்கு அப்பால், கடலை நோக்கிச் சரியும் மணலில் ஒரு கொடி படர்ந்திருந்தது. ஆட்டின் குளம்பு போல் இரண்டாய்ப் பிளந்த இலை. ஊதாவும் சிவப்பும் கலந்த, புனல்போன்ற பூ. நண்பகலுக்குள் வாடிவிடும் பூவாகையால் வேளையோடு வந்தது நல்லதாயிற்று. பேரன் குனிந்து பார்த்தான். கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைப் பற்றிக்கொண்டிருந்தது.

"உது அடம்பன். இது கூடத் தெரியாதோ?" என்றார் முதியவர், கொடியைக் காலால் தடவியபடி.

அவன் உடனே விடை கூறவில்லை. அடும்பு என்ற சொல்லைப் பாடநூலில் அடிக்கோடிட்டு, அதன் அருகில் 'ஒருவகைக் கொடி' என்று அவன் எழுதி வைத்திருந்தான். அந்த ஒருவகைக் கொடி, அவன் பிறந்த வீட்டிலிருந்து ஒரு மணி நேர நடைத் தொலைவில், அவன் பிறந்த நாளிலிருந்தே பூத்துக்கொண்டிருந்திருக்கின்றது.

பேரனைக் குறை கூறுவது எளிது. அவனுடைய தந்தை இப்பாதையை அவனுக்குக் காட்டவில்லை. காட்ட அவருக்குத் தெரியாது. 1987 வைகாசியில் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. பின்னர் தெற்கே நாகர்கோயில் நெடுங்காலம் போர்முனையாயிற்று. 2004 மார்கழியில் கடலே ஊருக்குள் வந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரும் மிதிவெடிப் பலகைகள் பற்றைகளுக்குள் நின்றன. தாரிட்ட வீதியை விட்டு இறங்காதே என்பதே அத்தலைமுறை கற்ற முதற்பாடம். பற்றைக்குள் இறங்காதவனுக்குப் பற்றையின் பெயர்கள் எதற்கு?

திரும்பி வரும்பொழுது முதியவர் தமது வீட்டு வேலியோரமாகவே நடந்தார். கிளுவையும் பூவரசும் இடையிடையே முள்முருக்கும் நின்ற பழைய வேலி அது. இலையுதிர்த்து நின்ற முள்முருக்கின் செம்பூவில் மைனாக்கள் சச்சரவிட்டுக்கொண்டிருந்தன. அவ்வேலி இவ்வாண்டுடன் போகின்றது. கனடாவிலுள்ள மகன் மதில் கட்டப் பணம் அனுப்பியிருக்கின்றான். முதியவர் அதை எதிர்க்கவில்லை. ஆண்டுதோறும் வேலியடைக்க ஓலைக்கும் ஆளுக்கும் எங்கே போவது என்பது அவருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் கேட்டார்: அத்திவாரம் வெட்ட முன்னர் மண்வெட்டி வேண்டும்.

சித்திரையில் கார்த்திகைப்பூவுக்குத் தண்டும் இல்லை, இலையும் இல்லை. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்குகின்றது. இலக்கியத்தில் காந்தள் என்று போற்றப்படுவதும் இதுவே. எந்த வேலிக்கதியாலின் அடியில் அது கிடக்கின்றது என்று முதியவர் தடியால் குத்திக் குத்திக் காட்ட, பேரன் அகழ்ந்தான். கலப்பை வடிவில் வளைந்த கிழங்குகள் ஐந்து அகப்பட்டன. ஒன்று மண்வெட்டி பட்டுப் பிளந்துபோயிற்று.

"நஞ்சு தம்பி. கையை வடிவாய்க் கழுவு" என்றார் அவர்.

எஞ்சிய நான்கையும் கிணற்றடிக்குப் பின்னால், மதில் வராத மூலையில் புதைத்தார்கள். கார்த்திகைக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.