உருகிப் பெட்டி



போன வாரம் திருவண்ணாமலையில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து, இரவு காரில் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் வீட்டம்மாவும் பேத்தியும் நல்ல தூக்கம். செஞ்சி தாண்டியதும் ஹெட்லைட் இரண்டும் சட்டென்று அணைந்துவிட்டன. எதிரே வெறும் கறுப்பு.

கால் பிரேக்குக்குத்தான் போனது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் லாரி. ஹசார்டு சுவிட்சை அழுத்தி, ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு, அந்த மினுக்கலில் ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் பிடித்து மண்ணில் இறக்கினேன். லாரி உரசுவதுபோல் கடந்தது. "தாத்தா, ஊர் வந்துடுச்சா?" என்றாள் பேத்தி. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மெக்கானிக் கடை வைத்திருக்கும் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். (அறிவியல் வகுப்பில் நான் அடிக்கடி வெளியே நிற்க வைத்தவன். பெயர் சொல்லவில்லை, அவனே கமெண்டில் வருவான்.)

"சார், பிரைட் போட்டுப் பாருங்க."

எரிந்தது! அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

"டிம்முக்குத்தான் ஃப்யூஸ் போயிருக்கு. உங்க பழைய வண்டில ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஸ்டியரிங்குக்குக் கீழ பாருங்க, மூடியில ஸ்பேர் இருக்கும். அதே ஆம்பியர் போடுங்க சார், கம்பி கிம்பி சுத்திடாதீங்க."

எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் மின் உருகி பாடம் நடத்தியவன் நான். சொந்த வண்டியின் உருகிப் பெட்டியைத் திறந்தது அன்றுதான். பேத்தி செல்போன் டார்ச் பிடித்தாள்.

மறுநாள் வண்டியைப் பார்த்தவன், ஒயர் உரசித் தோல் போயிருந்ததைக் காட்டினான். காசு மட்டும் வாங்கவே இல்லை.