கோ என்று முடியும் பெயர்கள்

மகளுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, இரவு பதினொரு மணிவரை அவள் அறையிலிருந்து பெண்பிள்ளைகள் கீச்சுக்குரலில் சிரிப்பது கேட்கும். எட்டிப் பார்த்தால் மடிக்கணினியில் பள்ளி மாணவிகள். முகத்தில் பாதி கண், குட்டைப் பாவாடை. கேக் தின்கிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், நடுநடுவே கிதார் வாசிக்கிறார்கள்.

"ஆம்பளைங்க பார்த்து ரசிக்க ஆம்பளைங்க வரைஞ்சது. இதைப் போய் நீ பார்க்கணுமா?" என்றேன். இருபது வருடமாகப் பெண்ணியம் பேசுகிறவள். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அவள் சண்டை போடவில்லை. பெயர்கள் வரும் இடத்தில் படத்தை நிறுத்தினாள். "இந்த எழுத்தைப் பாரும்மா. கையை விரிச்சிட்டு நிக்கிற குழந்தை மாதிரி இல்ல? இதுதான் 'கோ'. குழந்தைன்னு அர்த்தம். பொம்பளைங்க பேருக்குக் கடைசில வரும்."

இயக்கம் யமதா நவோகோ. கதைத்தொடர் அமைப்பு யோஷிதா ரெய்கோ. பாத்திர வடிவமைப்பு ஹொரிகுச்சி யுகிகோ. மூன்று பெயரின் கடைசியிலும் அந்தக் குழந்தை. தொடர் 2009இல் வந்த 'கே-ஆன்!'. யமதாவுக்கு அப்போது 24 வயது.

பிறகு நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அனிமேயில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், ஆனால் படத்தாளின் பின்பக்கத்தில். கணினி வருவதற்கு முன்பு, ஒளி ஊடுருவும் தாளின் முன்பக்கத்தில் கோட்டை நகலெடுத்து, பின்பக்கத்தில் வண்ணம் பூசுவார்கள். பொறுமை வேண்டும், கை நடுங்கக்கூடாது, எண்ணிக்கைக்குத்தான் கூலி. இப்படி ஒரு வேலை எந்த ஊரில் இருந்தாலும் பெண்கள் கைக்கு வந்துவிடும்போல. கோட்டை வரைகிற மேசைக்குப் போவதுதான் கஷ்டம். ஒகுயாமா ரெய்கோ 1957இல் தோயே நிறுவனத்தில் சேர்ந்தார். கல்யாணமானால் பெண்கள் கிளம்பிவிட வேண்டும் என்று எதிர்பார்த்த காலம். அவர் கல்யாணமாகி, குழந்தை பெற்ற பிறகும் கிளம்பவில்லை, வரைந்துகொண்டே இருந்தார்.

'கே-ஆன்!' எடுத்த கியோட்டோ அனிமேஷனின் தொடக்கமும் அந்தப் பின்பக்கம்தான். டோக்கியோவில் வண்ணம் பூசும் வேலை பார்த்த ஹத்தா யோகோ, கல்யாணமாகி கியோட்டோ பக்கம் வந்தபின், 1981இல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு அதே வேலையை எடுத்துச் செய்தார். இந்தத் துறையில் தாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைகிறவர்கள் ஏராளம். இங்கே மாதச் சம்பளம், உள்ளேயே பயிற்சி. யமதா மாதிரி ஒரு பெண் அவ்வளவு சின்ன வயதில் இயக்குநர் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் என் பழைய கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்தத் தொடர் நள்ளிரவில் ஒளிபரப்பானது. அந்தப் பெண்களைப் பொம்மைகளாக வாங்கி அடுக்கிய ஆண்கள் உண்டு. பெண் வரைந்தால் மட்டும் சந்தை மாறிவிடுமா? ஆனால் யமதா கால்களைக் காட்டும்போது கவனித்தேன். உள்பக்கமாகத் திரும்புகிற பாதம், தரையைத் தேய்க்கிற செருப்பு. வாயால் சொல்ல வராததைக் கால் சொல்கிறது. அதில் நான் பார்த்தது பாவாடையை மட்டும்.

2019 ஜூலை 18 அன்று அந்த நிறுவனத்தின் முதல் ஸ்டுடியோவுக்குள் ஓர் ஆள் பெட்ரோலோடு நுழைந்தான். 36 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். தன் கதையைத் திருடிவிட்டார்கள் என்பது அவன் சொன்ன காரணம். மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இறந்தவர்களின் பெயரை வெளியிடாதீர்கள் என்று சில குடும்பங்கள் கேட்டுக்கொண்டன. அதுவும் எனக்குப் புரிந்தது.

தீக்கு முந்தின நாள் முடிந்திருந்த 'வயலெட் எவர்கார்டன்' படம் செப்டம்பரில் வெளியானது. இயக்கம் ஃபுஜிதா ஹருகா. இவரும் பெண்தான், 'கோ' இல்லை. இளைய தலைமுறையில் அந்த முடிவு குறைந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்களின் பெயரைப் போடுவது அங்கே வழக்கமில்லை. இந்தப் படத்தில் எல்லோர் பெயரையும் போட்டார்கள்.

நானும் மகளும் அதைப் பின்னாளில் வீட்டில் பார்த்தோம். படம் முடிந்ததும் எழப்போனேன், கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பெயர்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. கையை விரித்த குழந்தைகளை எண்ண ஆரம்பித்தேன். நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது. சொன்னேன். அவள் பின்னால் தள்ளி, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.