பட்டு ஊரில் ஒரு விசா படலம்

ஆரணிக்கு ரயிலில் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். விழுப்புரம் - காட்பாடி லைனில் 'ஆரணி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கினால் ரோடு இருக்கும். ஆரணி இருக்காது! ஊர் அதுபாட்டுக்குத் தள்ளி, கமண்டல நாகநதிக் கரையில் உட்கார்ந்திருக்கும். பேசாமல் வேலூரிலோ திருவண்ணாமலையிலோ பஸ் ஏறிவிடுவது உத்தமம்.

ஆரணிக்கு ரெண்டு பெருமை. ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. கல்யாண வீட்டில் சாப்பிடுகிற சாதத்தையும், அதைப் பரிமாறுகிற அத்தை கட்டியிருக்கிற புடவையையும் ஒரே ஊர் சப்ளை செய்வது சாதாரண விஷயமா என்ன! காஞ்சிபுரத்துக்குப் பேர் பெரிசு. ஆரணிப் பட்டோ எடையில் லேசு, பர்ஸுக்கும் அவ்வளவு கனம் வைக்காது. புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு 'டடக்... டடக்...' சத்தம். தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. வீட்டுக்காரர் தறியில், வீட்டம்மா பக்கத்தில் ஊடை நூல் சுற்றிக்கொண்டு, டி.வி. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டு... ஆபீஸும் வீடும் ஒன்றாக இருப்பதை நாம் கொரோனா வந்துதான் கத்துக்கிட்டோம். இவர்கள் பல தலைமுறையாக 'வொர்க் ஃப்ரம் ஹோம்'தான்!

சரி, இந்த ஊரில் விசாவுக்கு என்னய்யா வேலை என்கிறீர்களா?

அறுபது கிலோமீட்டர் தள்ளி திருவண்ணாமலை இருக்கிறதே! மாவட்டத் தலைநகர். ரமணாஸ்ரமத்தைச் சுற்றிய தெருக்களில், மார்கழி, தை மாதங்களில் நீங்கள் டீ குடிக்கப் போனால் கடைக்காரரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களாக இருக்கும் அபாயம் உண்டு. அதில் பாதிப் பேர் பதினைந்து நாள் டூர் பார்ட்டி கிடையாது. மாசக்கணக்கில், முடிந்தால் வருஷக்கணக்கில் இருந்துவிட ஆசைப்படுகிறவர்கள். வாடகை வீடு, டி.வி.எஸ். ஐம்பது, காலையில் இட்லி, பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம். நம்மை விட ஒழுங்காக நம்ம ஊரில் வாழ்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருத்தரை ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில் பார்த்தேன். தங்கை கல்யாணத்துக்குப் புடவை சொல்லப் போனபோது, எனக்கு முன்னாடியே பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். வேட்டி, ஜோல்னா பை, பிரெஞ்சு மூக்கு. அம்மாவுக்குப் பட்டு எடுக்க வந்தாராம்.

"எப்ப ரெடியாகும்?" என்று தமிழில் கேட்டார்.

"பதினைஞ்சு நாள் ஆகும் சார்."

"ஐயோ... என் விசா பத்து நாள்ல முடியுது!"

நெசவாளர் நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி, அவரு எதுனா வியாதி சொல்றாரா?"

விசா என்றால் ஒரு வகையில் வியாதிதான். வந்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். பி.காம். படித்த பாவத்துக்கு நான் அதைக் கணக்குப் பாடமாக விளக்கினேன். டூரிஸ்ட் விசாவில் வருகிறவருக்கு ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தம் 180 நாள்தான் பேலன்ஸ். விசாவில் 'ஐந்து வருஷம்' என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து ஐந்து வருஷமும் இருக்கலாம் என்று நினைத்தால் தொலைந்தது. அது கதவு திறந்திருக்கும் காலம். உள்ளே உட்காரும் காலம் வேறு. ஒவ்வொரு நாள் தங்குவதும் டெபிட். கணக்கு சைபரானால் மூட்டை கட்டவேண்டும். டூரிஸ்ட் விசாவைச் சாதாரணமாக நீட்டித்தும் தரமாட்டார்கள். ஆஸ்பத்திரி, விபத்து என்று நிஜமான காரணம் இருந்தால்தான் யோசிப்பார்கள்.

நீண்ட நாள் இருக்கவேண்டுமா? அதற்கு வேறு விசா வேண்டும். படிக்க வந்தால் ஸ்டூடன்ட் விசா, வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் விசா, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டால் என்ட்ரி விசா. 180 நாளுக்கு மேல் தங்கும் விசாவில் வருகிறவர், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்ளவேண்டும். சென்னை மாதிரி இடங்களில் அதற்குத் தனி ஆபீஸ். மற்ற மாவட்டங்களில் எஸ்.பி.தான் வெளிநாட்டினர் பதிவு அதிகாரி. முன்பெல்லாம் சென்னை ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் விடிகாலையிலேயே க்யூ. 2018-ல் 'இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ.' வந்ததும் எல்லாம் கம்ப்யூட்டரில். கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும்.

ஆனால் கம்ப்யூட்டர் கேட்கிற பேப்பர் லிஸ்ட் இருக்கிறதே... போட்டோ, பாஸ்போர்ட், விசா, இருப்பிடச் சான்று, கூடவே 'சி ஃபாரம்'. இந்த சி ஃபாரத்தில்தான் நம்ம பிரெஞ்சுக்காரருக்குப் போன வருஷம் சங்கு ஊதியிருக்கிறார்கள்.

வெளிநாட்டுக்காரருக்கு வீடு கொடுத்தால், லாட்ஜ்காரரோ, மாடி போர்ஷன் விட்டவரோ, சும்மா சொந்தக்காரராகத் தங்க வைத்தவரோ யாராக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் சி ஃபாரம் அனுப்பவேண்டும். அவருடைய வீட்டுக்காரர் வாடகையை மட்டும் ஒண்ணாம் தேதி டாண் என்று வாங்கிக்கொண்டார். "ஃபாரமா? அதெல்லாம் எதுக்கு சார், நீங்க நம்ம வீட்டுப் புள்ள மாதிரி!" என்றாராம். வீட்டுப் பிள்ளைக்கு ஃபாரம் வேண்டாம்தான். ஆனால் வீட்டுப் பிள்ளையிடம் யாரும் மூணு மாச அட்வான்ஸ் வாங்குவதில்லையே! ஃபாரம் இல்லாமல் விண்ணப்பம் திரும்பி வர, மனுஷன் பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரரின் பையனே உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்துத் தப்பித்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நெசவாளர் தறியைக் காட்டிச் சொன்னார்: "எங்களுக்கும் இதே கதைதான் தம்பி. ஒரு பாவு முடியப் போவுதுன்னா, பழைய நூலு அச்சுல இருக்கும்போதே புதுப் பாவை இழைக்கு இழை பிணைச்சிடணும். பழைய இழை அச்சை விட்டு உருவிக்கிச்சோ, போச்சு. ஆயிரக்கணக்கான இழையை மறுபடி முதல்லேர்ந்து ஒண்ணொண்ணா கோக்கணும்."

எந்த வக்கீலும் இவ்வளவு சுருக்கமாக விசா எக்ஸ்டென்ஷனை விளக்கியதில்லை. பழைய விசா உயிரோடு இருக்கும்போதே மனு போட்டால் அது பிணைப்பு. முடிந்த மறுநாள் போனால் அதற்குப் பேர் 'ஓவர் ஸ்டே'. வெளியே போகவே தனி அனுமதி வாங்கவேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. 1920, 1939, 1946 என்று பிரிட்டிஷ் காலத்துப் பழைய சட்டங்களை ஒதுக்கிவிட்டு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம். விசா தேதி தாண்டித் தங்கினால் 3 வருஷம் வரை ஜெயில், 3 லட்சம் வரை அபராதம். போலி பாஸ்போர்ட், போலி விசா என்றால் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம். விளையாட்டில்லை.

இதே ஆரணிக்கு ஒரு காலத்தில் விசாவே வாங்காமல் வந்தவர்கள் உண்டு. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டு முற்றுகையை முடித்த சூட்டோடு இங்கே வந்து ஒரு சண்டை போட்டார். 1782-ல் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் இதே ஆரணிப் பக்கம் மோதினார்கள். 1790-ல் கர்னல் ராபர்ட் கெல்லி என்ற கம்பெனி அதிகாரி ஆரணியில் காலமானார். கோட்டைப் பக்கம் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வந்தார்கள், எக்ஸ்டென்ஷன் கேட்காமலேயே ரெண்டு நூற்றாண்டு தங்கினார்கள். சி ஃபாரம் யார் கேட்டது!

நல்ல மனசோடு வந்தவர்களும் உண்டு. மேஜர் சாட்விக் 1935-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர், ரமணர் 1950-ல் மறைந்த பிறகும் போகவில்லை. 1962-ல் அங்கேயே கண்ணை மூடினார். அன்றைக்குப் பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்தியா வர விசா தேவையில்லை. 1984-ல்தான் அந்தச் சலுகை போனது. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கொழும்புக்கோ காட்மண்டுவுக்கோ ஓடிப்போய்ப் புது விசாவோடு திரும்புவது வழக்கமானது. மும்பைத் தாக்குதலுக்கு உளவு பார்த்த ஹெட்லி 2009-ல் மாட்டியதும், ஒரு தடவை வந்து போனால் ரெண்டு மாசம் கழித்துத்தான் மறுபடி வரலாம் என்று கிடுக்கிப்பிடி போட்டார்கள். 2012 கடைசியில்தான் பெரும்பாலான நாட்டுக்காரர்களுக்குத் தளர்த்தினார்கள். 2020 மார்ச்சில் விமானம் நின்றபோதோ போக வழியே இல்லை. அரசாங்கமே விசாக்களை 2021 வரை தானாக நீட்டித்துக் கொடுத்தது. அந்த ஏப்ரலில் தங்க அறை கிடைக்காத ஒரு சீனாக்காரரை அண்ணாமலைக் குகையிலிருந்து வனத்துறை இறக்கிக் கொண்டுவந்தது. குகைக்கு யார் சி ஃபாரம் போடுவது?

சரி, படத்தைத் திருப்பிப் பார்ப்போம். அதே நெசவாளருக்கு ரெண்டு பையன்கள். யாரும் தறியில் இல்லை. பெரியவன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில். சின்னவனுக்கு துபாய் ஆசை. ஏஜென்ட் ஒருத்தன், "விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்லியிருக்கிறான்.

இந்த 'அங்க போய் மாத்திக்கலாம்' என்ற மூணு வார்த்தைக்கு நம்ம பக்கத்தில் எத்தனை குடும்பம் நகையை அடகு வைத்திருக்கிறது தெரியுமா? விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். தேதி தாண்டினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். நம்ம காசில் ஆயிரம் ரூபாய்க்கு மேல், அதுவும் தினமும்! மாசம் 1,500 திர்ஹாம். சம்பாதிக்கப் போனவன் நின்ற இடத்திலேயே கடனாளி. 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை எமிரேட்ஸ் அரசு பொதுமன்னிப்பு கொடுத்தபோது, அபராதம் கட்டாமல் ஊர் திரும்ப முடிந்தது. அந்த மாதிரி கதவு எப்போதும் திறந்திருக்காது.

நான் அந்தப் பையனிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஏஜென்ட் நம்ம அரசாங்கத்தில் பதிவு செய்தவனா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பார். பதிவு செய்த ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். லட்சக்கணக்கில் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. டிக்கெட்டுக்கு முன்னால் வேலை ஒப்பந்தம் கையில் இருக்கணும். பாஸ்போர்ட், விசா ரெண்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்து அம்மாகிட்ட கொடு."

"அம்மாகிட்டயா?"

"ஆமாம்ப்பா. உன் பீரோ சாவி, வோட்டர் ஐ.டி. எல்லாம் இத்தனை வருஷமா யாரு பத்திரமா வெச்சிருக்கா?"

பிரெஞ்சுக்காரருக்கு முடிந்தால் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. சின்னவனுக்கும் ஆரணி இருக்கிறது. ரெண்டும் இல்லாமல் ஒரு கூட்டம் நம்மோடு இருக்கிறது. 1983-க்குப் பிறகு படகேறி வந்த ஈழத் தமிழர்கள். தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், திருவண்ணாமலை மாவட்டத்திலும் உண்டு. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பேரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பேர் மாறியது. காகிதம்?

இங்கேயே பிறந்து, நம்ம பள்ளிக்கூடத்தில் படித்து, நம்மைப் போலவே தேர்தல் அரசியல் பேசுகிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தேர்தல் அன்றைக்குத்தான் ஓட்டு இல்லை என்பது உறைக்கும். சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்கு அப்புறம் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். ரெண்டு பேருமே முகாம்வாசி என்றால்? ஒரே வீட்டில் 1986-ல் பிறந்த அக்கா இந்தியர், 1988-ல் பிறந்த தம்பி வெளிநாட்டவர் என்று ஆகலாம்!

2025 செப்டம்பரில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று மத்திய அரசு விலக்கு கொடுத்தது. நல்லதுதான். ஆனால் 'ஜெயில் கிடையாது' என்பதற்கும் 'நீ இந்த ஊர்க்காரன்' என்பதற்கும் நடுவில் ரொம்ப தூரம் இருக்கிறது. அதில் இன்னும் முகாம் இருக்கிறது, வருகைப் பதிவு இருக்கிறது, பாஸ்போர்ட் கனவு இருக்கிறது.

அதனால் வாசகப் பெருமக்களே... உங்கள் வீட்டு மாடியில் வெளிநாட்டுக்காரர் குடியிருந்தால் இன்றைக்கே சி ஃபாரம் போட்டுவிடுங்கள். மச்சான் வளைகுடாவில் இருந்தால் போன் செய்து, "எப்படிடா இருக்கே?" என்பதோடு "விசா எப்ப முடியுது?" என்றும் கேளுங்கள். பக்கத்து ஆபீஸ் டேபிளில் முகாமிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன் இருந்தால், "நீ எந்த ஊருப்பா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவன் பதில் யோசிக்கிற அந்த ரெண்டு விநாடி, பார்க்கிறவனுக்குக் கஷ்டமாக இருக்கும்.