கொம்பு இடம் மாறிய பொதி

‘பொதி’ என்ற சொல்லில் ஒரு கொம்பு இருக்கிறது. ஒலிப்பில் அது பகரத்துக்குப் பின் வருகிறது. எழுத்தில் பகரத்துக்கு முன் நிற்கிறது. யுனிகோடு முறையில் கணினியின் நினைவகம் ஒலிப்பின் வரிசையையே பின்பற்றுகிறது: முதலில் பகரம், அடுத்து ஒகரக் குறி. அந்த ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் நிறுத்தும் வேலையைத் திரைக்குப் பின்னால் ஒரு நிரலகம் செய்கிறது. அது இல்லாதபோது என்ன நேரும் என்பதை, வாகட்டில் தங்கியிருக்கும் ஓர் ஆய்வு மாணவர் தம் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டார்.

அவர் தஞ்சாவூர்க்காரர். தஞ்சை மராட்டியர் காலத்து மோடி ஆவணங்கள் அவருடைய ஆய்வுப் பொருள். மோடி படிக்கப் பழகுவதற்குப் புனேயை விட நல்ல ஊர் இல்லை. 1910இல் தொடங்கப்பட்ட பாரத இதிகாச சம்சோதக் மண்டலம் இந்த நகரில்தான் இருக்கிறது. ஹிஞ்சவடி தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் அக்காள் கணவரின் வீடு வாகட்டில் இருந்ததால் தங்குமிடமும் அமைந்தது. மூல மராத்தியை அவர் இங்கிருந்து பெயர்த்து எழுதுவார். அவற்றுக்கான தமிழ்க் குறிப்புகளைத் தஞ்சாவூரில் இரண்டு இளநிலை மாணவர்கள் தட்டச்சு செய்வார்கள். தேவநாகரியும் தமிழும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வரவேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த உரைத்தொகுப்பி ஈமாக்ஸ்.

அந்தத் தேர்வுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. குனு ஈமாக்ஸ் 1985இல் பொதுவெளிக்கு வந்தது. பல மொழி எழுத்துகளைக் கையாளும் திறனை அதற்குச் சேர்த்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். கெனிச்சி ஹந்தாவும் தோழர்களும் உருவாக்கிய ‘மியூல்’ என்ற விரிவாக்கம் 1997இல் இருபதாம் பதிப்பில் இணைந்தது. 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளை அடுக்கும் பொறுப்பு ‘ஹார்ஃப்பஸ்’ என்ற நிரலகத்திடம் போயிற்று. ‘ஓப்பன்டைப்’ என்ற எழுத்துருத் தரத்தின் பெயரைப் பாரசீகத்தில் பெயர்த்து வைத்த பெயர் அது. ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு உள்ளிட்ட பல இடங்களில் இன்று தமிழைத் திரையில் ஒழுங்காக நிறுத்துவது இதுவே.

2023 ஜூலை இறுதியில் ஈமாக்ஸ் 29.1 வெளிவந்தது. தஞ்சாவூரில் இருந்த கணினிகளிலோ நீண்ட ஆதரவுக் காலம் கொண்ட ஒரு பழைய லினக்ஸ் வழங்கல் இருந்தது. அதன் களஞ்சியத்தில் இருந்த ஈமாக்ஸும் பழையது. புதிய பதிப்பின் மூலநிரலை இறக்கி, தாமே ஆர்பிஎம் பொதியாகக் கட்டி அனுப்புவது என்று அவர் முடிவு செய்தார்.

மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளைத் தம் கணினியில் மட்டும் நிறுவுவது எளிது. ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்ற மூன்று கட்டளைகளில் முடிந்துவிடும். பொதியாக்குவது வேறு வகையான வேலை. பிறருடைய கணினியில், கட்டியவர் அருகில் இல்லாத நேரத்தில், அது இயங்கவேண்டும். அதற்காக எழுதப்படுவது ‘ஸ்பெக்’ கோப்பு: மூலம் எங்கிருந்து வந்தது, எந்தத் திருத்தங்கள் சேர்ந்தன, கட்டுவதற்கு எவை தேவை, எந்தக் கோப்பு எங்கே போய் அமரும், எந்த நாளில் என்ன மாறியது. கட்டும் போது தேவைப்படும் நிரலகங்களை ‘பில்ட்ரிக்வயர்ஸ்’ என்ற தலைப்பில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதவேண்டும்.

அவருடைய மடிக்கணினியில் எல்லாம் முதல் முயற்சியிலேயே கட்டப்பட்டது. தமிழும் சரியாகத் தெரிந்தது. அடுத்து, முறைப்படி ‘மாக்’ என்ற கருவியில் கட்டினார். அது வெற்று அறை போன்ற ஒரு சூழலை உருவாக்கி, ஸ்பெக் கோப்பில் பெயர் உள்ளவற்றையும் அவை இழுத்து வருபவற்றையும் மட்டுமே உள்ளே விடும். கான்ஃபிகர் நிரல் நின்றது: ஜேபெக் நிரலகம் இல்லை. சேர்த்தார். ஜிஃப் இல்லை, டிஃப் இல்லை, குனுடிஎல்எஸ் இல்லை. கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பழைய கணினிகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று ஜிடிகே இடைமுகத்தை விட்டு, எளிய ‘லூசிட்’ இடைமுகத்தைத் தேர்ந்தார். இரவு பதினொரு மணிக்குப் பொதி பிழையின்றிக் கட்டி முடிந்தது. மழையில் மின்சாரம் போவதற்குள் அதைத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டுப் படுத்தார்.

படங்களுக்கான நிரலகங்கள் இல்லையென்றால் கான்ஃபிகர் நின்று முறையிடும். எழுத்தை அடுக்கும் நிரலகம் இல்லையென்றால் நிற்காது. இறுதியில் அச்சிடும் நீண்ட சுருக்கப் பட்டியலில், ‘ஈமாக்ஸ் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறதா?’ என்ற வரிக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதிவிட்டு மேலே சென்றுவிடும். ஆங்கிலத்துக்கு அதனால் குறையொன்றும் இல்லை. அவருடைய மடிக்கணினியில் வேறு மென்பொருள்களைக் கட்டியபோது ஜிடிகேயின் பின்னால் ஹார்ஃப்பஸும் வந்து சேர்ந்திருந்தது. கேளாமல் வந்த அந்தத் துணையை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. வெற்று அறையில் அது இல்லை.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யாமலும் இல்லை. ஈமாக்ஸில் பல மொழிகளின் வாழ்த்துகளைக் காட்டும் ஒரு கோப்பு உண்டு. அதில் தமிழுக்கு ‘வணக்கம்’ என்றிருக்கும். திறந்து பார்த்தார், நிறைவடைந்தார். ஆனால் ‘தமிழ்’, ‘வணக்கம்’ என்ற இரு சொற்களிலும் கொம்பு இல்லை. எழுத்து இடம் மாறவேண்டிய தேவையே அவற்றில் எழுவதில்லை. தேர்வு நடந்தது; கேட்கவேண்டிய கேள்வி மட்டும் அதில் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ‘பெருவுடையார்’ என்ற சொல்லைக் கோப்புகளில் தேடினார். பழைய கோப்புகளில் மட்டுமே கிடைத்தது. புதியவற்றில் அச்சொல் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் சிக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது மாணவர் இயல்பாகச் சொன்னார்: “புது பதிப்புல கொம்பு பின்னாடி போய் விழுது அண்ணா. கொம்ப மொதல்ல தட்டினா சரியா வருது. டைப்ரைட்டர்ல அப்படித்தானே தட்டுவாங்க? அதனால நாங்க ரெண்டு பேரும் அப்படியே பழகிக்கிட்டோம்.”

அந்தப் பதிலில் குற்றம் காண இடமில்லை. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கொம்பைத்தான் முதலில் தட்டவேண்டும். யுனிகோடு பரவும் முன் இணையத் தமிழர் பயன்படுத்திய டிஸ்கி குறியாக்கமும் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது. திரை பிழையாகக் காட்டியது. மாணவர்கள் திரைக்கு ஏற்பத் தரவை வளைத்தார்கள். மென்பொருளின் பிழை அந்த நொடியில் ஆவணத்தின் பிழையாக மாறிவிட்டது.

மென்பொருளைத் திருத்த ஒரு வரி போதுமாயிருந்தது. ஸ்பெக் கோப்பில் ஹார்ஃப்பஸின் பெயரைச் சேர்த்து, வெளியீட்டு எண்ணை 1இலிருந்து 2ஆக உயர்த்தி, மீண்டும் கட்டினார். தரவுக்கு அப்படி ஒரு வரி இல்லை. மகரம், ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, லகரம் என்று மூன்று குறிகள் வரிசையாக இருந்தால், ஒலிப்பு வரிசையில் அது ‘மேல’. தட்டச்சு வரிசையில் ‘மலே’. ஒன்று தஞ்சாவூரின் மேலவீதியாக இருக்கலாம். மற்றொன்று மலேயாவாக இருக்கலாம். மடிக்கணினியில் அவரே திருத்திய பகுதிகளும் மாணவர்கள் தட்டியவையும் ஒரே கோப்பில் கலந்திருந்தன. எந்தக் கொம்பு எந்த எழுத்துக்கு உரியது என்பதைப் பல இடங்களில் நிரலால் முடிவு செய்ய இயலாது. பொருள் அறிந்த ஒருவர் படித்துத்தான் தீர்க்கவேண்டும். மூன்று வாரத்து வேலையைச் சரிபார்க்க ஐந்து வாரம் ஆயிற்று. மோடியில் ஒரு கோடு எந்த எழுத்துக்கு உரியது என்று மண்டலத்தின் மேசையில் அமர்ந்து யோசிப்பவர், வாகட்டில் இரவில் அதே கேள்வியைத் தம் தாய்மொழியில், தாமே உண்டாக்கிய சிதைவில், கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கணினிகளில் இருந்த எழுத்துரு ‘லோகித் தமிழ்’. லோகித் எழுத்துருக்களை முதலில் வடித்துத் தந்தது புனேயைச் சேர்ந்த மாடுலர் இன்ஃபோடெக். ரெட் ஹாட் நிறுவனம் அவற்றைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. 2011இல் அவை எழுத்துருக்களுக்கே உரிய திறந்த உரிமத்துக்கு மாறின. அதே ஆண்டு நவம்பரில் புனே பொறியியல் கல்லூரியில் ஃபெடோரா பயனர்களும் உருவாக்குநர்களும் கூடிய மாநாடு நடந்தது. தமிழ் எழுத்து லினக்ஸ் திரையில் தெரிவதற்கு இந்த ஊர் செய்த உழைப்பு சிறிதன்று. எழுத்துரு வடிவங்களைத் தந்தது. அவற்றை வரிசையில் நிறுத்துபவரை அழைக்க மறந்தது ஒரு தமிழரின் ஸ்பெக் கோப்பு.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆய்வும் சொல்லப்படாத சார்புகளின் மேல் நிற்கிறது: ஒரு ஆசிரியரின் வாய்மொழி விளக்கம், ஒரு நூலகரின் நினைவாற்றல், ஒருவருடைய மேசையில் மட்டும் இருக்கும் கைக்குறிப்பு. உடனிருக்கும் வரை அவை கண்ணில் படுவதில்லை. வேறொருவர் அதே ஆய்வை வேறோர் இடத்தில் செய்து பார்க்கும்போது, பெரிய குறைகள் உடனே முறையிட்டு நிற்கும். சிறியவை ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை எங்கோ அச்சிட்டுவிட்டு, முடிவுகளைச் சற்றே திரித்து, ஓடி முடிந்துவிடும். அந்த வரியை யாரும் படிக்காவிட்டால், அடுத்து வருபவர்கள் திரிபுக்கு ஏற்பத் தங்கள் கையைப் பழக்கிக்கொள்வார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிடும்.

அவர் இப்போது ஸ்பெக் கோப்பின் சோதனைப் பகுதியில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். கட்டி முடிந்த ஈமாக்ஸ் தன் திறன்களைப் பட்டியலிடும்போது அதில் ஹார்ஃப்பஸ் இல்லையென்றால், பொதி உருவாகாமல் பிழையோடு நின்றுவிடும். அனுப்புவதற்கு முன் கண்ணால் பார்க்கும் சோதனையும் மாறிவிட்டது. வாழ்த்துக் கோப்பைத் திறப்பதோடு நிறுத்தாமல், வெற்றுப் பக்கத்தில் ‘பொதி’ என்று தட்டுகிறார். கொம்பு பகரத்துக்கு முன்னால் வந்து நின்ற பிறகே தஞ்சாவூருக்கு அனுப்புகிறார்.