வலி வருமுன்

சென்ற ஆண்டு என் தாயாருக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றும் ரண சிகிச்சை நடைபெற்றது. அன்று காலை மயக்க மருந்து டாக்டர் வந்து, அறுவைக்காக முதுகில் போடும் ஊசியைத் தவிர, பின்னால் வரும் வலிக்காகத் தொடையின் நடுவில் இன்னோர் ஊசியும் போடப்போவதாகச் சொன்னார். அல்ட்ராசவுண்ட் திரையில் இடத்தைப் பார்த்துக்கொண்டே நரம்பின் அருகில் மருந்தைச் செலுத்துவார்களாம். கோட்டை வாசலில் தூதனை நிறுத்திவைப்பதுபோல, வலிச் செய்தி மூளைக்குப் போகாமல் வழியிலேயே தங்கிவிடும். முன்பு இடுப்பின் மடிப்பருகே பெரிய நரம்பையே மரக்கச் செய்வது வழக்கம். அதில் தொடைத் தசையும் சோர்ந்துபோய், எழுந்து நிற்பவர் விழும் அபாயம் உண்டு. நடுத்தொடை ஊசியில் அந்த அபாயம் குறைவு.

சரித்திர வாத்தியாராகிய எனக்கு இதன் பூர்வ கதையில் ஆசை. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கேயினால் கண்ணை மரக்கச் செய்து காட்டினார். பிறகு அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் அதை நரம்பருகே செலுத்தினார். தம் உடம்பிலேயே பரீட்சித்து, பாவம், அதற்கு அடிமையும் ஆனார். இன்றைய மருந்துகளில் அந்தப் போதை இல்லை.

அன்று மாலையே அம்மா எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்தாள். "ஏண்டா, இதற்கா இத்தனை பயந்தோம்?" என்று சிரித்தாள். இரவு 8 மணிக்கு நர்ஸ் மாத்திரைகளுடன் வந்து, "ஊசியின் வேகம் இன்றிரவு தணியும். அதற்கு முன்பே விழுங்கிவிடுங்கள், பாட்டி" என்றாள்.

"வலியே இல்லை, மாத்திரை எதற்கு? வயிறுதான் புண்ணாகும்."

பட்டம் பெற்ற நானும், "வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தலையாட்டினேன். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் திறக்கும் பையன்களை 20 வருஷமாகக் கண்டித்து வருபவன் நான்!

2 மணிக்கு, "டேய்" என்று ஒரு குரல். நான்கு பிரசவங்களைக் கண்டும், அப்பா போன பின் தனியாகக் குடும்பத்தைச் சுமந்தும், அழுது நான் பார்த்திராத அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். மருந்து கொடுத்து அந்த வலி அடங்குவதற்குள் மணி நாலாகிவிட்டது. அவள் விரல்கள் பதிந்த தடம் விடிந்த பிறகும் என் மணிக்கட்டில் இருந்தது.

அடுத்த மாதம் இடது கால். மாத்திரை வேளைகளை அம்மா தானே ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறாள். அதை என்னிடம் தரவில்லை. என் மகளிடம் கொடுத்திருக்கிறாள்.